சுண்டுவிரலில் தொடங்கும் ஆட்டம்

முதல் தட்டில் காலை எடுத்து வைக்கக் கூடாது. சா சா சா ஆட்டத்தின் அரிச்சுவடியில் இதுதான் முதல் பாடம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளம் விழுந்துகொண்டே இருக்கும். அந்த ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். இரண்டில் இடது கால் முன்னே போகும். மூன்றில் உடம்பின் பாரம் பின்னால் நிற்கும் வலது காலுக்கே திரும்பி வரும். நான்கில் இடது கால் பக்கவாட்டில் நகரும். நான்குக்கும் ஒன்றுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் வலது கால் அதை ஒட்டி வரும். அடுத்த ஒன்றில் இடது கால் மறுபடி விலகி நிற்கும். இந்தக் கடைசி மூன்று அடிகள்தான் சா, சா, சா. அதன் பிறகு இதையே வலது காலில் பின்பக்கமாகச் செய்ய வேண்டும். எதிரில் இருக்கும் பெண்ணுக்கும் இதே கணக்குதான். ஆண் முன்னே வைக்கும்போது அவள் பின்னே வைப்பாள்.

திருச்சி பொன்மலையில் ஒரு வீட்டின் முன்னறையில் நானும் என் மனைவியும் இதைக் கற்றுக்கொண்டு வருகிறோம். சொல்லிக்கொடுப்பவர் எண்பதைத் தாண்டிய ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. தெருவில் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. பிள்ளைகள் பெர்த்தில் இருக்கிறார்கள். நாங்கள் போனதும் நாற்காலிகளை வராந்தாவுக்குத் தள்ளிவிடுவோம். சிவப்பு சிமெண்டுத் தரை, வெறுங்கால். ஆன்ட்டி கட்டிலோரத்தில் உட்கார்ந்து, கைத்தடியால் தரையைத் தட்டிக் கணக்குச் சொல்வார்: “டூ, த்ரீ, சா சா சா. டூ, த்ரீ, சா சா சா.” நான் கொஞ்சம் எட்டி வைத்தால் தடி நின்றுவிடும். “பெரிய ஸ்டெப் வேணாம் மேன். சின்னது, சின்னது. ரூம் எங்கேயும் ஓடிப்போகாது.”

ஒரு மாலை என் மனைவி திடீரென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள், சின்ன வயதில் அங்கேயே பாட்டு படித்தவள். “என்னங்க, இது ஏக தாளம். அனாகத எடுப்பு” என்றாள். கையால் போட்டுக் காட்டியதும் எனக்கும் புரிந்தது. சதுஸ்ர ஏக தாளத்தில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். மொத்தம் நான்கு அட்சரம். தட்டு விழும் இடம் சமம். பாட்டு சமத்தில் தொடங்காமல், சமம் கழிந்து தொடங்கினால் அது அனாகத எடுப்பு. கச்சேரி கேட்கும் யாருக்கும் பழகிய விஷயம். சா சா சாவில் கால் தொடங்குவது சுண்டுவிரலில். அவள் அதற்குச் சொல்கட்டும் போட்டாள்: தா, தை, தக, தா. சுண்டுவிரலுக்குத் தா, மோதிர விரலுக்குத் தை, நடுவிரலுக்குத் தக, பிறகு தட்டில் தா. மூன்றாவது சா சரியாகச் சமத்தில் வந்து உட்காருகிறது. மிருதங்கக்காரரின் தீர்மானம் சமத்தில் வந்து விழும்போது நம் தலை தானாக ஆடுமே, அந்த இடம்தான் அது.

ஆன்ட்டி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் இரண்டு கணக்கும் ஓடுகிறது. பல இடங்களில் இந்த ஆட்டத்தை ‘ஒன் டூ சா சா சா’ என்று முதல் தட்டிலேயே தொடங்கிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படித்தான் சுலபம் என்று நினைக்கிறார்கள். தாளம் போட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்கு அந்தச் சலுகை தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. மார்கழியில் கச்சேரி கச்சேரியாகப் போய் மடியில் விரல் மடக்குகிற ஸ்ரீரங்கத்து மாமா, மாமி யாரைக் கூப்பிட்டு நிறுத்தினாலும், காலுக்கு முன்னால் காதுக்கு இது பிடிபட்டுவிடும்.

இந்தத் தாளம் பிறந்தது கியூபாவில். என்ரிக்கே ஹொரின் என்ற வயலின்காரர், புல்லாங்குழலும் வயலினும் முன்னால் நிற்கும் சரங்கா என்ற வகை வாத்தியக் குழுவில் வாசித்தவர். அப்போது கொடிகட்டிப் பறந்த மாம்போ இசையின் எதிரடித் தாளத்தில் சாதாரண ஜனங்களின் கால் தடுமாறுவதை மேடையிலிருந்தே கவனித்தார். மெட்டைத் தட்டோடு ஒட்டவைத்து, ஆடுகிறவர்களை மனதில் வைத்தே புதிதாக எழுத ஆரம்பித்தார். அவருடைய ‘லா எங்கான்யாதோரா’ 1953-ல் இசைத்தட்டாக வந்தது. சுரைக்குடுக்கையில் கோடு கீறி, குச்சியால் உரசி வாசிக்கும் குயிரோ என்றொரு வாத்தியம் அதில் உண்டு. சா சா சாவின் சரசரப்பு அதிலிருந்து வருகிறது. லண்டனில் டோரிஸ் லவெல் என்பவரோடு சேர்ந்து நடனம் கற்றுக்கொடுத்து வந்த மாஸ்யே பியர், 1952-ல் கியூபாவுக்கே போய், அங்கே ஜனங்கள் இரண்டாம் தட்டில் தொடங்குவதைப் பார்த்துவிட்டு வந்து அதைப் பாடமாக வகுத்தார். உலகத்து நடனப் பள்ளிகளில் இன்று நடக்கும் பாடத்துக்கு அதுதான் ஆதாரம்.

ஒரு வயலின்காரர் கும்பலின் காலைப் பார்த்து இசையை மாற்றினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம ஊர் வயலின்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். டி.கே. ராமமூர்த்தி, திருச்சிராப்பள்ளி கிருஷ்ணசாமி ராமமூர்த்தி. 1952-லிருந்து 1965 வரை எம்.எஸ். விஸ்வநாதனோடு சேர்ந்து அவர் இசையமைத்த படங்களில்தான் பாங்கோவும் லத்தீன் தாளங்களும் தமிழ்க் காதுக்குள் வந்து குடியேறின. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு ஹவானாவின் தாளம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. வராமல் போனது கால் மட்டும்.

பொன்மலையில் ஒரு சிறு கூட்டத்துக்கு அந்தக் காலும் இருந்தது.

தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இங்கே மாறி வந்தபோது, அதோடு ஓர் ஊரே வந்தது. டிரைவர்கள், கார்டுகள், ஃபோர்மேன்கள் என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. ரயில்வே ஊர் என்றால் இன்ஸ்டிடியூட் இருக்கும். அங்கே பில்லியர்ட்ஸ், ஹவுசி, கிறிஸ்துமஸ் டான்ஸ், ஈஸ்டர் டான்ஸ், மே மாதத்தில் மே குவீன் பால். ஆன்ட்டிக்குப் பதினைந்து வயது ஆவதற்குள் ரேடியோ சிலோன் வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் சா சா சா வந்துவிட்டது. 1958-ல் டாமி டார்ஸி ஆர்க்கெஸ்ட்ராவின் பெயரில் வந்த ‘டீ ஃபார் டூ சா சா’ அவர் வீட்டில் தேய்ந்துபோகிற அளவுக்கு ஓடியதாம். கற்றுக்கொடுத்தது அக்கா. வீட்டுப் பெண்கள் ஒருவரோடு ஒருவர் ஆடித்தான் பழகுவார்கள் என்பதால் ஆணின் அடி, பெண்ணின் அடி இரண்டும் ஆன்ட்டிக்குத் தெரியும். டான்ஸ் நாளன்று ஹாலில் பவுடர் தூவுவார்கள், கால் வழுக்கிக்கொண்டு போகும் என்று சொல்லும்போது அவர் குதிகால் தரையில் லேசாக நகர்கிறது.

இன்ஸ்டிடியூட் சுவருக்கு இந்தப் பக்கமும் ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்தக் காலத்து ரயில்வே ஊர்கள் பலவற்றில் வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஓர் இன்ஸ்டிடியூட், மற்ற இந்தியருக்கு வேறொன்று. 1946 செப்டம்பர் 5 அன்று ரயில்வே தொழிலாளர் ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த சங்கத் திடலும் இதே பொன்மலையில்தான் இருக்கிறது. என் அப்பா ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகு. டான்ஸ் நடக்கும் ராத்திரிகளில் ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு பேண்டு வாசிப்பதைக் கேட்டிருக்கிறார். டிரம்பெட் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாதபடி ஊர் அமைந்திருந்தது.

அரசியல் சாசனத்தின் 336-வது பிரிவு ரயில்வே, சுங்கம், தபால், தந்தி வேலைகளில் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த ஒதுக்கீட்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறைத்து, பத்து வருஷத்தில் முடித்துவைத்தது. 1960-ல் அது தீர்ந்தது. சா சா சா இங்கே வந்திறங்கியது அந்தப் பத்து வருஷத்துக்குள்தான். புது ஆட்டம் கற்றுக்கொண்ட கையோடு குடும்பங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தன. முதலில் இங்கிலாந்து, பிறகு கனடாவும் ஆஸ்திரேலியாவும். ஆன்ட்டியின் அக்கா அப்படிப் போனவர்தான். கிராஃபோர்டு காலனியிலும் கண்டோன்மெண்ட் பக்கத்திலும் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுக் கல்யாண வரவேற்பில் வால்ட்ஸும் ஜைவும் சா சா சாவும் இன்றும் உண்டு. ஆனால் அந்தத் தலைமுறை காலை எப்படி வைத்தது என்பதை அறிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். கோயில் வாத்தியக்காரர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்கிறோம், தெருக்கூத்துக்காரர்களைப் பதிவு செய்கிறோம், நல்ல காரியம். இவர்களும் திருச்சிக்காரர்கள்தானே. இவர்கள் உடம்பில் இருப்பதும் இந்த ஊர்ச் சொத்து என்று நான் நினைக்கிறேன்.

வீடியோவைப் பார்த்தும் சா சா சா கற்கலாம், தடை இல்லை. ஆனால் முட்டி விஷயம் ஆளிடம்தான் கிடைக்கும். இடுப்பு அசைகிறதே, அதை ஆட்ட வேண்டும் என்று நினைத்து ஆட்டினால் அசிங்கமாக இருக்கும். பாரம் ஒரு காலுக்குப் போனதும் அந்த முட்டி நிமிர வேண்டும், மற்ற முட்டி தளர வேண்டும். இடுப்பு தானாகவே அந்தப் பக்கம் சாயும். பாதத்தின் முன்பகுதி முதலில் தரையில் அழுந்த வேண்டும், தரையை விட்டுக் கால் எழவே கூடாது. ஆன்ட்டி தன் தடியின் நுனியை என் முட்டிக்குப் பின்னால் வைத்து, “இங்கே, இப்போ” என்று ஒரு தட்டுத் தட்டுவார். அந்த ‘இப்போ’ எங்கே விழுகிறது என்பது எந்தத் திரையிலும் தெரிவதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பிடி. ஆணின் வலது கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் இருக்க வேண்டும், இடது கை அவள் வலது கையைக் கண் மட்டத்தில் ஏந்தியிருக்க வேண்டும். இழுப்பதும் தள்ளுவதும் ஆகாது. போகிற திசையை நெஞ்சும் பாரமும் சொல்ல வேண்டும், கை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதைத்தான் லீட் என்கிறார்கள். ஃபாலோ செய்பவர் முன்கூட்டியே ஊகித்துவிடக் கூடாது. பாரத்தைத் தன் கால் மேல் வைத்துக்கொண்டு, செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். கும்மியும் கோலாட்டமும் நம்மிடம் இருக்கின்றன. சேர்ந்து ஆடுவது நமக்குப் புதிதில்லை. இருவர் பிடித்த பிடியை விடாமல் ஒரே பாரத்தைப் பங்கிட்டு ஆடுவதுதான் புதிது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆன பிறகும் நாலு பேர் எதிரில் கை பிடிக்கத் தயங்குகிற ஊர் இது. ஆன்ட்டி வீட்டு வாசல் எப்போதும் திறந்தே இருக்கும், தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். முதலில் என் மனைவியின் தோள் கெட்டியாக இருந்தது. தாளம் பிடிபட்ட அன்றைக்கு அது இளகியது. நான் எந்தப் பக்கம் போகப்போகிறேன் என்பது எனக்கே தெளிவாக இருந்தால் அவளுக்கும் தெரிகிறது, நான் குழம்பினால் அந்தக் குழப்பம் அப்படியே அவள் உள்ளங்கைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வீட்டுப் பேச்சிலும் நான் வாக்கியத்தைப் பாதியில் விடுவதில்லை. அவள்தான் இதைக் கவனித்துச் சொன்னாள்.

இப்போது ஆன்ட்டி எங்களை ‘நியூயார்க்’ என்ற அடுத்த பாடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்: ஒரு கையை விட்டுவிட்டு, இருவரும் ஒரே பக்கம் திரும்பி முன்னே வைத்து, மறுபடி முகம் பார்க்க வேண்டும். முன்னறையில் அதற்கு இடம் போதவில்லை, என் தோள் ஜன்னல் கதவில் இடிக்கிறது. பொன்மலையில் பெரிய கூடங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சந்தை கலைந்த பிறகு, சாயங்காலம் ஒரு மணி நேரம், ஏதாவது ஒரு கூடத்தை இதற்காகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் வரலாம். ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம். அது தரையைக் கவ்விப் பிடித்து முட்டியைத் திருகிவிடும். தோல் அடி வைத்த ஷூ, இல்லாவிட்டால் வெறுங்கால். ஆன்ட்டிக்கு ஒரு நாற்காலி போட வேண்டும், கைப்பிடி உள்ளதாக. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள்.