முதல் பள்ளி எது, கடைசிப் பள்ளி எது?

கொஞ்சம் நீளமான பதிவு. ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பாதியை இன்றைக்கு டீச்சருக்குக் கொடுங்கள்.

நாலைந்து நாளாக நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. எளாவூர், ஆரம்பாக்கம், ஏரிக்கரைக் குப்பங்கள் என்று நம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளையெல்லாம் வரிசையாக எழுதி, மாணவர் எண்ணிக்கை, வருகை, தமிழ் வாசிப்பு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு, முதலிடம் முதல் கடைசி இடம் வரை அடுக்கியிருக்கிறார்கள். போட்டது என்னிடம் படித்த ஒரு தம்பிதான். உழைத்திருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு இதுவரை மூன்று பேர் எனக்குப் போன் செய்து, "டீச்சர், பிள்ளையை வேன் வர்ற ஸ்கூலுக்கு மாத்திடட்டுமா?" என்று கேட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டியலில் மேலே இருப்பவை எல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய பள்ளிகள். கீழே கிடப்பவை எல்லாம் ஏரிக்கரையில் இருக்கும் சின்னப் பள்ளிகள். இது தற்செயலா?

2009 கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர். 121-லிருந்து 200 வரை ஐந்து ஆசிரியர். அதாவது 150 பிள்ளை இருக்கும் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் நிற்பார். 40 பிள்ளை இருக்கும் குப்பத்துப் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். "ஒரு டீச்சருக்கு இருபது பிள்ளைதானே" என்று கணக்குச் சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டும்போதே ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் ஓட வேண்டும்.

பணமும் தலைக்கணக்குதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் 30 பிள்ளை வரை இருந்தால் வருஷத்துக்கு 10,000 ரூபாய். 100-க்கு மேல் 250 வரை 50,000. உப்புக்காற்றில் கதவுக் கீல் துருப்பிடிப்பதும், மழையில் சுவர் ஊறுவதும் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டா நடக்கிறது? (2024-ல் அந்தத் திட்டத்துக்கே மத்திய அரசு பணத்தை நிறுத்தி வைத்தது தனிக் கதை.)

அடுத்து வாசிப்பு. நம் பக்கம் பாதி வீட்டில் தெலுங்குதான் பேச்சு, உங்களுக்கே தெரியும். சிப்காட் வந்த பிறகு ஒடியாவும் இந்தியும் பேசும் வீடுகளும் சேர்ந்திருக்கின்றன. 2006 சட்டப்படி எல்லாப் பிள்ளையும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் படிக்க வேண்டும். படிக்கட்டும், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் வீட்டில் "அம்மா, நீள்ளு" என்று தண்ணீர் கேட்கிற பிள்ளை தமிழ்ப் பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க ஒரு வருஷம் கூடுதலாக ஆனால், அதற்குப் பள்ளிக்கு மைனஸ் மதிப்பெண்ணா?

வருகைக் கணக்கு இன்னும் வேடிக்கை. பழவேற்காடு ஏரியில் பாடு முறை இருக்கிறது. யாருடைய முறை எந்த நாளில் வருகிறதோ அன்றைக்குத்தான் அவர்கள் இறால் வலை போட முடியும். தகப்பன் பாட்டுக்குப் போனான், தாய் மீன் விற்கப் போனாள் என்றால், நாலாவது படிக்கும் பெண் கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பாள். இருளர் வீடுகளில் தாயும் தகப்பனும் சேர்ந்தே தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வீட்டில் யார் இருப்பார்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பிள்ளைகள் நடக்கும் வழியெல்லாம் தண்ணீர். பட்டியலுக்கு இதெல்லாம் ஒரே எழுத்து, 'ஆ'. ஆப்சென்ட்.

ஒரு சின்னக் கணக்கும் போடுவோம். மூன்றாம் வகுப்பில் எட்டுப் பிள்ளை. இரண்டு பேர் வாசிக்கவில்லை என்றால் 75 சதவீதம். அடுத்த வருஷம் ஒரே ஒரு பிள்ளை கூடுதலாகத் திணறினால் 62.5. பள்ளி கெட்டுவிட்டதா? நாற்பது பேர் வகுப்பில் ஒருவர் கூடினால் இரண்டரை சதவீதம்தான் ஆடும். இதை வைத்துத் தரவரிசை போடுவது தராசு இல்லாமல் மீன் நிறுப்பது மாதிரி.

ஆசிரியர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். பத்தரை மணிக்கு வந்து கையெழுத்துப் போடுகிறவர்களை 32 வருஷத்தில் நானும் பார்த்தேன், நேரில் கேட்டும் இருக்கிறேன். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்தப் பிள்ளையை மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, "எங்க ஸ்கூல்ல அட்மிஷனே இல்லை" என்று புலம்புகிறவர்களும் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள். உங்களைத்தான்.

ஒப்பிடவே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. ஒப்பிடுங்கள், ஒரு பிள்ளையின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடுங்கள். 2022 ஜூனில் நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஏப்ரலில் மலருக்கு வந்தார்கள் என்று பாருங்கள். வீட்டிலேயே நாளிதழ் வாசிக்கிற பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு முதலிடம் வாங்குவது பெரிய சாமர்த்தியமா?

என் பயம் வேறு. இந்தப் பட்டியலைப் பார்த்து நாலு பேர் பிள்ளையை எடுத்தால் 34 இருந்த பள்ளி 30 ஆகும், மானியம் இறங்கும். இன்னும் நாலு பேர் எடுத்தால் "பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாம்" என்று பேச்சு வரும். 2019-ல் பிள்ளைகளே இல்லாத பள்ளிகளை நூலகமாக்கியதை மறந்துவிட்டீர்களா? வேனுக்குப் பணம் கட்ட முடிந்தவர் பிள்ளை வேனில் போகும். முடியாத வீட்டுப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, ஏரிக்கரையில் இருந்து நெடுஞ்சாலை தாண்டி எப்படிப் போகும்? அந்த லாரிகளுக்கு நடுவில் நீங்கள் அனுப்புவீர்களா?

பட்டியல் போட்ட தம்பிக்கு: இன்னும் நாலு பத்தி சேர்த்துத் திரும்ப அனுப்பு கண்ணு. எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பு, எவ்வளவு மானியம், வீட்டில் என்ன மொழி. போன் செய்த மூன்று பேருக்கும்: இந்த வருஷம் மாற்ற வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, எனக்கும் ஒரு மெசேஜ் போடுங்கள். முட்டிவலி இருந்தாலும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன்.