வெள்ளிக்கிழமை மாலை வரும் கோடு



தையல், கோழி வளர்ப்பு, சிறுகடன், பிள்ளைகளின் படிப்பு என்று நம் அன்றாடப் பிரச்சினைகள் பலவற்றையும் இப்பக்கத்தில் பேசி வருகிறோம். இம்மாதம், நம்மில் பெரும்பாலானோர் வேலிக்கு வெளியே நின்று மட்டுமே பார்த்திருக்கக்கூடிய ஒரு தொழிலைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன். கோல்ப் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று போட்டிகளில் ஆடி, அதில் கிடைக்கும் பரிசுப் பணத்தில் வாழும் வாழ்க்கைதான் அது. "பணக்காரர் விளையாட்டு நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். அடுத்த மாதம் வருமானம் வருமா வராதா என்று தெரியாமலே இந்த மாதம் செலவு செய்ய வேண்டியிருப்பவர்கள் அந்தத் தொழிலிலும் இருக்கிறார்கள் என்பதே என் பதில்.

கண்டியிலிருந்து மஹியங்கனைப் பாதையில் குண்டசாலை, பல்லேகலையைத் தாண்டிப் போனால் திகன வரும். அங்கிருந்து ரஜவெல்லைப் பக்கம் திரும்பினால் விக்டோரியா கோல்ப் மைதானம். 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இதன் பதினெட்டுக் குழிகளையும் வடிவமைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் ஸ்டீல். ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர், மறுபக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம். பார்ப்பதற்கு மிக அழகான இடம். ஆனால் அந்த நீருக்கடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1985இல் அணைக்கட்டு திறக்கப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் வீடு வளவை விட்டு எழுந்து போயின. 1977இலும் 1983இலும் கலவரங்களுக்குப் பயந்து தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போய், அங்கே யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் மலைநாட்டுக்கே வந்து சேர்ந்த சகோதரிகளும் இப்பக்கத்தை வாசிக்கிறார்கள். இடம் பெயர்தல் என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

நம் நாட்டில் கோல்ப் வெள்ளைக்காரர் கொண்டு வந்த விளையாட்டு. கொழும்புக் கழகம் 1879இலும் நுவரெலியாக் கழகம் 1889இலும் தொடங்கப்பட்டன. விளையாட வந்தவர்கள் துரைமார். புல்லை வெட்டியவர்களும், பந்து பொறுக்கியவர்களும், பத்துப் பதினைந்து கிலோ நிறையுள்ள பையைத் தோளில் சுமந்து பின்னால் நடந்தவர்களும் நம் ஊர்க்காரர். பை சுமக்கும் உதவியாளரைக் 'கெடி' என்று அழைப்பார்கள். பை சுமந்து சுமந்து, ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து, ஓய்வு நேரத்தில் பழைய கோலொன்றால் அடித்துப் பழகி, பிறகு துரைமாரை விடத் திறமையாக ஆடியவர்கள் தெற்காசிய நாடுகள் பலவற்றிலும் இருக்கிறார்கள். 2009இல் இந்தியப் பகிரங்கப் போட்டியில் வெற்றி பெற்ற பெங்களூர் சின்னசாமி முனியப்பா முன்பு பை சுமந்தவர். பங்களாதேஷின் சித்திகுர் ரஹ்மான் டாக்காவின் குர்மிட்டோலா மைதானத்தில் பந்து பொறுக்கும் சிறுவனாக இருந்தவர். அவர் 2010இல் புருணையில் வென்று, ஆசியச் சுற்றில் வெற்றி பெற்ற முதல் பங்களாதேஷ் வீரரானார்.

நம் நாட்டிலிருந்தும் அனுர ரோஹண, மிதுன் பெரேரா, என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்றவர்கள் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிப் பெயர் பெற்றிருக்கிறார்கள். நம் நாட்டிலேயே ஆண்டு முழுவதும் ஆடிப் பிழைக்கப் போதிய போட்டிகள் இல்லை. ஆகவே தொழிலாக ஆட விரும்பும் இலங்கையர் கடல் தாண்டித்தான் போக வேண்டும். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் ஓர் ஊர், மறுவாரம் இன்னோர் ஊர். வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போய் வந்த சகோதரிகளுக்கு இந்தப் பெட்டி கட்டும் வாழ்க்கை விளங்கும்.

இனி இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் தகுதிகாண் போட்டியில் கட்டணம் கட்டி ஆட வேண்டும். அதில் முன்னணியில் வந்தவருக்குத்தான் அந்த ஆண்டுச் சுற்றில் ஆட இடம் கிடைக்கும். இடம் கிடைத்தாலும் அது சம்பளம் உள்ள வேலையல்ல. நுழைவுக் கட்டணம், விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, பை சுமப்பவரின் கூலி எல்லாவற்றையும் ஆட்டக்காரரே முதலில் செலவழிக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொள்வதும், விமானத்துக்குப் பதிலாக இரவு ரயிலில் போவதும், பை சுமக்க ஆள் வைக்காமல் தானே இழுத்துக்கொண்டு நடப்பதும் இளம் ஆட்டக்காரரிடையே சாதாரணம்.

பெரிய போட்டிகள் அநேகமாக வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாட்கள் நடக்கும். நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழி. ஏழெட்டுக் கிலோமீற்றர் நடை. இரண்டாம் நாளாகிய வெள்ளிக்கிழமை மாலை ஒரு கோடு கிழிப்பார்கள். முதல் ஐம்பது, அறுபது இடங்களுக்குள் நிற்பவர்கள் மட்டும் மிகுதி இரண்டு நாட்களும் ஆடலாம். கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பொதுவாக அவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஒரேயொரு அடியால் கோட்டைத் தவறவிட்டவருக்கும் அதே நிலைதான். செலவு செய்த பணம் போனது போனதுதான். 2022இல் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியபோது, வெளிநாட்டில் ஆட வேண்டிய இலங்கையர் ஒருவருக்கு ஒவ்வொரு பயணமும் எவ்வளவு பாரமாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆண்களுக்கே இப்படியென்றால் பெண்களுக்கு? நம் நாட்டில் நன்றாக ஆடும் பெண்கள் இருந்தாலும், அவர்களுக்கென்று தனியான தொழில்முறைச் சுற்று இல்லை. உலகத்திலும் இது எளிதாக வந்ததல்ல. அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறைச் சங்கத்தை 1950இல் பதின்மூன்று பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். காரை வரிசையாக ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். குழிகள் எங்கே இருக்க வேண்டும் என்று தாங்களே தீர்மானித்தார்கள். கணக்கு வழக்கையும் விளம்பரத்தையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். நம் மாதர் சங்கங்களில் தலைவி, செயலாளர், பொருளாளர் என்று எல்லா வேலையையும் நாமே பங்கிட்டுச் செய்வது போலத்தான். இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. 1993 முதல் அச்சங்கத்தின் போட்டிகளோடு ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையமும் ஊர் ஊராகப் போகிறது. தாய் ஆடும்போது பிள்ளையை அங்கே பார்த்துக்கொள்வார்கள். ஸ்கொட்லாந்தின் கற்ரியோனா மத்யூ, இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று மாதம் முடிவதற்குள், 2009இல் பிரித்தானியப் பெண்கள் பகிரங்கப் போட்டியை வென்றார். பிள்ளை பெற்றவள் வேலைக்கு உதவாள் என்பது இயற்கையின் சட்டமல்ல. பிள்ளையைப் பார்க்க ஆள் இருந்தால் தாய் உழைப்பாள். நம் ஆடைத் தொழிற்சாலைகளிலும் தோட்டங்களிலும் இதே உண்மைதான்.

நமக்குக் கிட்டிய உதாரணம் நேபாளத்துப் பிரதிமா ஷெர்பா. காத்மண்டுவில் விமான நிலையத்தை ஒட்டியுள்ள ரோயல் நேபாள் கோல்ப் மைதானத்தில் அவருடைய தாயும் தகப்பனும் கூலித் தொழிலாளர்களாக இருந்தார்கள். மைதானத்தின் சாமான்கள் வைக்கும் கொட்டகைதான் அந்தக் குடும்பத்தின் வீடாக இருந்தது. தாய் தகப்பன் பராமரித்த அதே புல்லில் சிறுமி ஆடப் பழகினாள். கழகத்தவர் உதவினார்கள், பயிற்றுநர் காசு வாங்காமல் கற்பித்தார். நேபாளத்தின் முதல் தொழில்முறைப் பெண் கோல்ப் வீராங்கனையாவதே தன் குறிக்கோள் என்று அவர் சொன்னது 2018இல் ஒரு விவரணப்படம் மூலம் உலகத்துக்குத் தெரிய வந்தது. அதே ஆண்டில் டைகர் வூட்ஸும் அவரைச் சந்தித்துப் பேசினார். அதன் பிறகு பிரதிமா அமெரிக்கா சென்று கல்லூரியில் சேர்ந்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆட்டத்துக்காகப் படிப்பை அவர் கைவிடவில்லை.

பெங்களூரின் அதிதி அசோக்கையும் சொல்ல வேண்டும். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தகப்பன் அவருக்குப் பை சுமந்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தாய் சுமந்தார். அந்த ஆண்டு கொரோனா தொற்றி உடல் தளர்ந்திருந்த நிலையிலும், நான்கு நாட்கள் ஆடி, ஒரேயொரு அடியால் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடத்துக்கு வந்தார். 2023இல் ஐரோப்பியச் சுற்றில் கென்யாவிலும் ஸ்பெயினிலும் வென்றார். அதே ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். மகளின் பாரத்தைத் தாயே தோளில் சுமந்து நடந்ததை நாம் கதையாக அல்ல, கண்ணாலேயே தொலைக்காட்சியில் பார்த்தோம்.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒரு தாய் கேட்ட கேள்விதான். திகனப் பக்கத்தில் நடந்த மாதர் குழுக் கூட்டமொன்றில் அவர் கேட்டார்: "மிஸ், என் மகள் மாகாண மட்டம் வரை ஓடியிருக்கிறாள். விளையாட்டையே தொழிலாக எடுக்கப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். தகப்பனும் இல்லாத பிள்ளை. விடலாமா?" அங்கிருந்த சிலர் உடனே, "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு இதெல்லாம், காலாகாலத்தில் ஒருவன் கையில் பிடித்துக் கொடு" என்றார்கள். அதே பெண்கள்தான் மகனைக் கொரியாவுக்கோ கட்டாருக்கோ அனுப்பத் தாலிக்கொடியை அடகு வைத்தவர்கள். மகனின் ஆசைக்கு நகை போகலாம், மகளின் ஆசைக்கு ஒரு சோடிச் சப்பாத்தும் வீண் செலவு. பால்நிலைப் பாரபட்சம் என்று சமூகவியல் புத்தகங்களில் எழுதியிருப்பது இதைத்தான்.

ஆனால் 'ஆசையிருந்தால் போதும், வெற்றி வரும்' என்று அந்தத் தாய்க்குச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆட வருகிறவர்களில் மிகப் பலர் கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். ஆகவே இவற்றைச் சொன்னேன். உங்களுக்கும் உதவலாம்.

முதலாவது, படிப்பை நிறுத்த வேண்டாம். சாதாரண தரமும் உயர் தரமும் முடித்த பிள்ளைக்கு, விளையாட்டு கைவிட்டாலும் பயிற்றுநர், உடற்கல்வி ஆசிரியர் என்று வேறு கதவுகள் இருக்கும்.

இரண்டாவது, எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு என்று தாயும் மகளும் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். தொழில் ஆட்டக்காரரும் இப்படித்தான் வரவு செலவுக் கொப்பி வைத்து ஆடுகிறார்கள். அந்த எல்லை வந்ததும் திரும்பிப் பார்த்து முடிவெடுங்கள். எல்லை வைப்பது பிள்ளையின் மேல் நம்பிக்கையில்லை என்பதல்ல.

மூன்றாவது, இதற்காக வாராந்த வட்டிக் கடன் எடுக்கவே கூடாது. பரிசுப் பணம் எப்போது வரும் என்று தெரியாது. கடன்காரர் வரும் நாள் மட்டும் நிச்சயம். பாடசாலை, விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர் என்று கேட்கக்கூடிய இடங்களில் முதலில் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

நான்காவது, பயணத்தில் பிள்ளையின் பாதுகாப்பு. யாரோடு போகிறாள், எங்கே தங்குகிறாள், பயிற்றுநர் எப்படிப்பட்டவர் என்று கேட்கத் தாய்க்கு உரிமையுண்டு. ஏதாவது பிழையாக நடந்தால் உடனே வந்து சொல்லக்கூடிய நம்பிக்கையை மகளுக்குக் கொடுங்கள். 'சொன்னால் அம்மா விளையாட்டை நிறுத்திவிடுவா' என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

கோல்ப்பில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்ததும் தன் அட்டையில் உள்ள எண்களைத் தானே சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அடித்ததைக் குறைத்துக் காட்டிக் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். யாரும் காணாத இடத்தில் பந்து அசைந்தாலும் ஆட்டக்காரர் தானே வந்து சொல்வார். நம் வாழ்வின் கணக்கையும் அப்படிப் பார்க்கலாம். யுத்தத்தில் கணவனையும் பிள்ளையையும் இழந்ததை ஒரு விளையாட்டுத் தோல்வியோடு ஒப்பிட நான் வரவில்லை. அப்படி ஒப்பிடுவது பாவம். ஆனால் அந்த இழப்புக்குப் பிறகு நாம் தொடங்கிய கடையோ தையலோ மாடு வளர்ப்போ நட்டத்தில் போகும்போது, 'எனக்கு எதுவும் சரிவராது, நான் அதிர்ஷ்டமில்லாதவள்' என்று நம்மை நாமே தண்டித்துக்கொள்கிறோமே, அது உண்மைக் கணக்கல்ல. எந்த வாரம் எவ்வளவு போனது, ஏன் போனது, எதை மாற்றலாம் என்பதே உண்மைக் கணக்கு.

ஆகவே சகோதரிகளே, இம்மாதக் குழுக் கூட்டத்துக்கு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள். உங்கள் வீட்டுப் பெண் பிள்ளை என்னவாக வர ஆசைப்படுகிறாள் என்று முதலில் அவளிடமே கேட்டு எழுதுங்கள். அதற்குக் கீழே என்ன செலவு, யார் உதவுவார்கள், எந்த ஆண்டில் திரும்பிப் பார்ப்போம் என்று மூன்று வரி எழுதுங்கள். நீங்கள் 'ஆம்' என்று சொன்னாலும் 'இல்லை' என்று சொன்னாலும், அந்த மூன்று வரியைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.