மயங்கியவர் மரக்கட்டை அல்ல

"ஒண்ணும் பயப்படாதீங்க, மயக்க ஊசி போட்டாச்சுன்னா எதுவுமே தெரியாது." ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பம் அபூர்வம். அன்போடு சொல்லப்படுவதுதான். ஆனால் அதற்குள் இரண்டு நம்பிக்கைகள் குடியிருக்கின்றன. மயக்கத்தில் கிடப்பவர் காதில் எதுவும் ஏறாது என்பது ஒன்று. வலி என்பது கத்திக்கும் மருந்துக்கும் இடையிலான கணக்கு, அதில் பேச்சுக்குப் பங்கில்லை என்பது மற்றொன்று. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். மருத்துவமனைக்குள் வேலை செய்பவர்களிலும் பலர் நம்புகிறார்கள். இரண்டுமே தவறு. அந்தத் தவறுக்கான விலையைக் கொடுப்பது மேசையில் படுத்திருப்பவரின் உடம்பு.

ஜெர்மனியில் ஐந்து பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2020இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்தது. ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும் அறுவை சிகிச்சைக்கு வந்த 385 பேர் அதில் பங்கெடுத்தார்கள். எல்லோருக்கும் முழு மயக்கம். எல்லோர் காதிலும் இயர்போன். 191 பேருக்கு அதில் மெல்லிய இசையோடு ஒரு குரல் கேட்டது: நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள், நல்ல கைகளில் இருக்கிறீர்கள், உடம்பு தேறிவருகிறது என்ற பொருளில் நிதானமாகப் பேசும் குரல். இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் மௌனம், மறுபடி பேச்சு. மீதி 194 பேரின் இயர்போனில் வெற்று ஒலிநாடா. யார் காதில் எது ஓடுகிறது என்பது சிகிச்சை கொடுத்தவர்களுக்குத் தெரியாது.

விழித்த பிறகு முதல் 24 மணி நேரத்தில் என்ன நடந்தது? வெற்று ஒலி ஓடியவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு ஓபியாய்டு வகை வலி மருந்து தேவைப்பட்டது. குரலைக் கேட்டவர்களில் நூற்றுக்கு 63 பேருக்குத்தான். பிரிட்ரமைடு என்ற ஓபியாய்டுக்கு இணையாகக் கணக்கிட்ட மருந்தின் இடைநிலை அளவு 5.3 மில்லிகிராமிலிருந்து 4 மில்லிகிராமாக இறங்கியது. நோயாளிகள் தாங்களே சொன்ன வலி மதிப்பெண் சராசரியாகக் கால்பங்கு குறைந்தது.

1.3 மில்லிகிராம் ஒரு பெரிய விஷயமா என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வேறொரு எண்ணைப் பார்க்க வேண்டும். ஆறு பேர் காதில் அந்தக் குரலை ஒலிக்கவிட்டால், கூடுதலாக ஒருவர் ஓபியாய்டே இல்லாமல் அந்த நாளைக் கடக்கிறார். ஓபியாய்டு ஏறிய உடம்பில் குமட்டல் வரும், வாந்தி வரும், மலம் கட்டும், அளவு மிஞ்சினால் மூச்சே மந்தப்படும். வயிற்றில் தையலோடு வாந்தி எடுத்தவரிடம் போய் அந்த ஆறில் ஒன்று சின்ன எண் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். இத்தனைக்கும் தேவைப்பட்டது ஓர் ஒலிப்பதிவும் ஒரு ஜோடி இயர்போனும்.

மயங்கியவர் எப்படிக் கேட்பார் என்ற கேள்வி எழுவது இயல்பு. தமிழில் 'மயக்கம்' என்ற ஒரே சொல் தலைசுற்றி விழுவதற்கும், போதைக்கும், மருத்துவர் தரும் மயக்கத்துக்கும் பொதுவாகப் பயன்படுகிறது. அதனால் எல்லாமே ஒரு விளக்கை அணைப்பதைப் போல என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் மயக்கவியல் மருத்துவர் பல வேலைகளைத் தனித்தனியே செய்கிறார். உறங்கவைக்க ஒரு மருந்து, வலியை அடக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த இன்னொன்று. தசை தளர்ந்து அசைவில்லாமல் கிடப்பவரை வெளியிலிருந்து பார்த்து, உள்ளே எதுவுமே நடக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

அதைச் சோதிக்க எளிய ஒரு வழி இருக்கிறது. தசை தளர்த்தும் மருந்தைச் செலுத்துவதற்கு முன்பே ஒரு முன்கையைச் சுற்றிக் காற்றுப் பட்டையை இறுக்கிவிடுவார்கள். மருந்து அந்தக் கைக்குள் இறங்காது. கை அசையும் சக்தியோடு இருக்கும். மயக்கம் கொடுத்த பிறகு நோயாளியின் பெயரைச் சொல்லி, என் கையை அழுத்துங்கள் என்று கேட்பார்கள். 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 260 பேரிடம் இப்படிக் கேட்கப்பட்டது. 12 பேர் அழுத்தினார்கள். விழித்த பிறகு அவர்களுக்கு அது நினைவில் இல்லை. நினைவில் இல்லாததால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அறுவை அரங்கில் நோயாளியின் உடல் பருமனைப் பற்றிக் கேலி பேசுபவர்களும், "இது தேறுமா" என்று உரக்கக் கேட்பவர்களும் அந்தப் பன்னிரண்டு கைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மயக்கத்துக்கு முன்னால் பேசும் பேச்சுக்கு இன்னும் பழைய சான்று இருக்கிறது. ஈதரைக் கொண்டு வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று 1846 அக்டோபரில் உலகுக்குக் காட்டிய இடம் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. மருந்தின் வெற்றி அறிவிக்கப்பட்ட அதே மருத்துவமனையில்தான், நூறாண்டுக்கு மேல் கழித்து, பேச்சின் வலிமையும் அளந்து காட்டப்பட்டது. மயக்கவியல் மருத்துவர் லாரன்ஸ் எக்பர்ட்டும் அவருடைய சகாக்களும் வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரிடம் வழக்கமான முன் சந்திப்பு மட்டும். இன்னொரு பிரிவினரிடம் உட்கார்ந்து பேசினார்கள். எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் இருக்கும், வெட்டுக்கு அடியில் தசை இறுகுவதால்தான் வலி கூடுகிறது, அதைத் தளர்த்த எப்படி மூச்சுவிட வேண்டும், எப்படிப் புரண்டு படுக்க வேண்டும், அப்படியும் முடியாவிட்டால் தயங்காமல் மருந்து கேட்கலாம் என்று விளக்கினார்கள். 1964இல் வெளியான முடிவு இது: பேசப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்ட போதைவகை வலி மருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் பாதி. யாரிடம் பேசப்பட்டது என்று அறியாத அறுவை மருத்துவர்கள் அவர்களைச் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்பர்ட் யாரையும் ஏமாற்றவில்லை. வலிக்காது என்று சொல்லவில்லை. வலிக்கும் என்று சொல்லி, அதைச் சமாளிக்கும் வழியையும் கையில் கொடுத்தார். "ஒண்ணுமே தெரியாது" என்ற தியேட்டர் வாசல் ஆறுதலுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

பேச்சு ஆற்றும் என்றால், பேச்சு புண்படுத்தவும் செய்யும். பாஸ்டனிலேயே பிரசவத்துக்கு வந்த 140 பெண்களிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன் ஒரு பிரிவினரிடம், மருந்து அந்த இடத்தை மரக்கச்செய்யும், நீங்கள் சௌகரியமாக இருப்பீர்கள் என்று சொன்னார்கள். மற்றவர்களிடம், பெரிய தேனீ கொட்டுவதைப் போல இருக்கும், இதுதான் மிக மோசமான கட்டம் என்றார்கள். ஊசி ஒன்று, மருந்து ஒன்று. பத்துக்கு முதல் பிரிவினர் சொன்ன இடைநிலை வலி 3. தேனீயைக் கேட்டவர்கள் சொன்னது 5. நம் ஊரில் தேனீக்குப் பதில் எறும்பு. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லும் நர்ஸம்மாவின் மனதில் கனிவுதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் நோயாளியின் கவனத்தை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்குபவர்களுக்கு உடம்பே பதில் சொல்லியிருக்கிறது. 1978இல் கலிஃபோர்னியாவில் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வெறும் நம்பிக்கையால் வலி தணிந்தவர்களுக்கு நலாக்சோன் செலுத்தியதும் வலி திரும்பியது. நலாக்சோன் என்பது மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்து. அப்படியானால் எதிர்பார்ப்பு, உடம்பு தானே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருட்களைத் திறந்துவிடுகிறது என்று பொருள். 2011இல் ஆக்ஸ்ஃபோர்டில் உல்ரிக்கே பிங்கல் குழுவினர் இன்னும் நேராகக் காட்டினார்கள். 22 பேருக்குச் சூட்டால் வலி உண்டாக்கி, ரெமிஃபென்டனில் என்ற வீரியமான வலி மருந்தை ஒரே அளவில் ஏற்றினார்கள். மருந்து ஏறுகிறது என்று சொன்னபோது அதன் பயன் இரட்டிப்பானது. நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம் என்று சொன்னபோது, மருந்து நரம்புக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பயன் கரைந்துபோனது.

பேச்சை எதிர்ப்பவர்களின் வாதங்களில் நியாயமானவையும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. மயக்கத்தில் ஒலிக்கும் ஆறுதல் மொழி பற்றிய 32 சோதனைகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, மருந்துத் தேவையிலும் தேறுவதிலும் சிறு பலன் தெரிந்தது. வலியின் அளவில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்த 32 சோதனைகளிலும் சேர்த்து இருந்தவர்கள் 2,102 பேர், அதாவது ஒன்றுக்குச் சராசரி 66 பேர். ஜெர்மன் சோதனை அதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு பெரியது. அதிலும் குரலோடு இசை கலந்திருந்ததால், பலனில் சொல்லின் பங்கு எவ்வளவு, இசையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்கும் வேலை மிச்சமிருக்கிறது. பலன் மிச்சமில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

இன்னொரு பயம், பேச்சைக் காட்டி மருந்தைப் பறித்துவிடுவார்களோ என்பது. அதற்கும் வரலாறு உண்டு. 1845இல் வங்கத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மெஸ்மெரிசம் என்ற வசிய முறையால் மயக்கி, மருந்தில்லாமலே அறுவைகள் செய்தார். கல்கத்தாவில் அதற்கென மருத்துவமனையே தொடங்கப்பட்டது. ஈதரும் குளோரோஃபார்மும் வந்ததும் அந்த முறை ஓரங்கட்டப்பட்டது, அது நியாயமும்கூட. ஒலிப்பதிவை ஊசிக்கு மாற்றாக முன்வைக்கும் எவரையும் நோயாளிகள் நம்பக் கூடாது. ஜெர்மன் சோதனையில் யாருக்கும் மருந்து மறுக்கப்படவில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கேட்டவர்கள் குறைந்தார்கள், அவ்வளவுதான்.

மாத்திரை கொடுத்தே பயத்தை அடக்கிவிடலாம் என்ற பழக்கமும் இதே நம்பிக்கையின் கிளைதான். பிரான்சில் 1,062 பேரிடம் நடந்து 2015இல் வெளியான சோதனையில், அறுவைக்கு முன் லோராசிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுத்ததால் நோயாளிகளின் திருப்தி கூடவில்லை. தொண்டையில் செருகிய மூச்சுக் குழாயை எடுக்கத் தாமதம் ஆனது, தெளிவு திரும்புவதும் தாமதமானது. 2009இல் ஸ்வீடனில் 372 பேரிடம் நடந்த சோதனையில், அதே வகை மருந்தான மிடசோலாமைவிட இசையே பதற்றத்தை அதிகம் குறைத்தது. மறுபுறம், 2019இல் பென்சில்வேனியாவில் இசையைக் கேட்கவைத்தபோது, பதற்றம் மருந்துக்கு இணையாகக் குறைந்தும், இயர்போன் அணிந்திருந்ததால் மருத்துவரோடு பேசுவது கடினமாக இருந்தது என்ற குறை எழுந்தது. மனிதர் பேச வேண்டிய நேரத்தில் கருவியை மாட்டிவிட்டு ஒதுங்குவது சிகிச்சையாகாது. உறங்கும்வரை மருத்துவரின் குரல், உறங்கிய பிறகு ஒலிப்பதிவு என்பதே சரியான வரிசை.

ஆகவே கோரிக்கை பெரிதல்ல. அறுவைக்கு முந்தைய நாள் மயக்கவியல் மருத்துவர் நோயாளியோடு உட்கார்ந்து பேசும் நேரத்தை, கையெழுத்து வாங்கும் நேரமாகச் சுருக்காமல், சிகிச்சையாகவே கணக்கில் எழுத வேண்டும். மயக்கத்தில் ஒலிக்கும் குரல் நோயாளிக்குப் புரியும் தாய்மொழியில் இருக்க வேண்டும். மேசையைச் சுற்றி நிற்பவர்கள் நோயாளி விழித்திருந்தால் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேச வேண்டும். நாளை காலை முதுகைக் காட்டிக் குனிந்து உட்காரப்போகும் ஒரு கர்ப்பிணியிடம், எறும்பைப் பற்றிப் பேசாமல், "அம்மா, இப்ப போடுற மருந்து அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும், நீங்க சௌகரியமா இருப்பீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்ல ஒரு பைசா செலவில்லை.