சுமாரான கவிஞரின் காகிதக் கட்டு

ஒரு கவிஞரின் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் பொதுப் பணத்தில் காப்பாற்ற வேண்டுமா என்ற பேச்சு வந்தாலே, அவர் எவ்வளவு பெரிய கவிஞர் என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். பெரிய பெயர் என்றால் ஏலத்தில் கோடிகள் புரளும், நூலகங்கள் நிதி திரட்டும். சின்னப் பெயர் என்றால் பெட்டி பரணுக்குப் போய்விடும். இந்த அளவுகோலே தவறு என்பதற்கு ஜான் லெய்டன் ஒரு நல்ல சாட்சி. ஸ்காட்லாந்தின் தென் எல்லையில், டென்ஹோம் என்ற சிற்றூரில் 1775இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சொந்த ஊரைப் பற்றி அவர் எழுதிய நெடுங்கவிதை 1803இல் அச்சேறியது. இன்று அதை ஸ்காட்லாந்திலேயே தேடிப் படிப்பவர்கள் சொற்பம்; படித்தவர்களும் சுமார் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் எழுதிய கடிதங்கள், அவருக்கு வந்த கடிதங்கள், பாதியில் விட்டுப்போன மொழிபெயர்ப்புகள் ஆகியவை அழிந்திருந்தால், அவருடைய கவிதைக்குச் சம்பந்தமே இல்லாத பல வரலாறுகளில் ஓட்டை விழுந்திருக்கும். அவற்றில் ஒன்று தமிழின் வரலாறு.

லெய்டனே ஒரு சேகரிப்பாளர். வால்டர் ஸ்காட் எல்லைப்புற நாட்டுப் பாடல்களைத் தொகுத்தபோது உடன் உழைத்தவர். துண்டாகக் கிடைத்த ஒரு பழம்பாடலின் மிச்சம் யாரோ ஒரு முதியவருக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு, நாற்பது மைலுக்கு மேல் நடந்துபோய் அதைக் கொண்டுவந்தார் என்ற கதை ஸ்காட் வழியாக வந்தது. மருத்துவப் பட்டத்தை அவசர அவசரமாக வாங்கிக்கொண்டு 1803 ஆகஸ்டில் சென்னையில் வந்து இறங்கினார். பொது மருத்துவமனையில் வேலை, பிறகு காலின் மெக்கன்சியின் மைசூர் நில அளவைக் குழுவில் மருத்துவர், விடாத காய்ச்சல், உடம்பு தேற பினாங்குப் பயணம். 1805 அக்டோபரில் பினாங்கிலிருந்து நண்பர் ஜேம்ஸ் பாலன்டைனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதையெல்லாம் தானே சொல்கிறார், கொஞ்சம் பீற்றிக்கொண்டே. லெய்டனின் நினைவைப் போற்றி எழுதிய நண்பர்கள் அச்சில் ஏற்றியவை பெரும்பாலும் இந்த மாதிரிக் கடிதங்கள்தான். கவிஞரின் சாகசம் தெரிகிற பக்கம் அவர்களுக்குப் பிடித்தது. மொழிகளைப் பற்றிய வறண்ட குறிப்புகளும் மற்றவர்கள் அவருக்கு எழுதியவையும் கட்டிலேயே கிடந்தன.

நமக்கு வேண்டியது அந்த வறண்ட பகுதிதான். லெய்டனுக்குச் சென்னையில் அறிமுகமானவர்களில் ஒருவர் எஃப். டபிள்யூ. எல்லிஸ். தென்னிந்திய மொழிகள் தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம், அவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதை 1816இல், கேம்பெலின் தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரைக்கு எழுதிய குறிப்பில் நிறுவியவர். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு 40 ஆண்டுகள் முந்தியவர். நாற்பது வயதுவரை எதையும் வெளியிடுவதில்லை என்று தனக்கு ஒரு விதி வைத்திருந்த எல்லிஸ், நாற்பதைத் தாண்டிய சூட்டோடு, 1819இல் ராமநாதபுரத்தில் விஷம் கலந்ததைத் தெரியாமல் உட்கொண்டு இறந்துபோனார். மதுரையில் கிடந்த அவருடைய காகிதங்களை அங்கிருந்த கலெக்டர் வீட்டுச் சமையல்காரர் மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கவும் கோழியின் மயிர் பொசுக்கவும் பயன்படுத்தினார் என்று, தான் கேட்டதைச் சென்னை அரசு அதிகாரி வால்டர் எலியட் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். தப்பியவற்றில் எலியட் கைக்கு வந்தவை ஜி. யு. போப் வழியாக ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தைச் சேர்ந்தன. ஆனால் எல்லிஸ் லெய்டனுக்கும் லெய்டனின் நண்பர் வில்லியம் எர்ஸ்கினுக்கும் எழுதிய கடிதங்களை எந்த அடுப்பும் தொடவில்லை. அவை போய்ச் சேர்ந்தவர்களின் கட்டுகளோடு பிரிட்டன் நூலகங்களில் பத்திரமாக இருந்தன. வரலாற்றாசிரியர் தாமஸ் டிரவுட்மன் எல்லிஸின் அந்த நிறுவல், ‘திராவிடச் சான்று’, உருவான கதையை எழுதியபோது எல்லிஸின் மனம் போன வழியைப் பிடிக்க உதவியவை இவை. கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடம்தான் தங்குகிறது. ஆகவே ஒருவரின் காகிதத்தை எரிப்பவர் அவரை மட்டும் எரிக்கவில்லை.

மற்ற கையெழுத்துப் படிகளும் இதே கதைதான். பாபரின் நினைவுக் குறிப்புகளைத் துருக்கி மூலத்திலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கி முடிக்காமல் விட்டார் லெய்டன். பம்பாயில் பாரசீகப் படியிலிருந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்த எர்ஸ்கினுக்கு அந்தக் கையெழுத்துப் படி கிடைத்து, இரண்டையும் ஒப்பிட்டு, 1826இல் இருவர் பெயரிலும் புத்தகம் வந்தது. மலாய் அரச வரலாற்றின் மொழிபெயர்ப்பும் லெய்டன் இறந்து பத்தாண்டு கழித்து, 1821இல், அவருடைய நண்பர் ராஃபிள்ஸின் முன்னுரையோடுதான் வெளியானது.

தனிமனிதக் கடிதத்தை ஊரார் படிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கூச்சம். லெய்டனின் கடிதங்களில் தற்பெருமைக்குக் குறைவில்லை. தன் மொழியறிவைப் பற்றி அவர் சொல்வதில் பாதியை ஒதுக்கிவிட்டே படிக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களைப் புண்படுத்தும் காகிதத்தைச் சில காலம் பூட்டி வைப்பது சரி. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் பூட்டு வேண்டும் என்பது சரியல்ல. முக்கியமானவைதான் அச்சில் வந்துவிட்டனவே என்பது இன்னொரு வாதம். எது முக்கியம் என்று அன்று தீர்மானித்தவர்கள் கவிஞரின் நண்பர்கள்; எல்லிஸின் இலக்கண யோசனைகள் பிற்காலத்தில் எதற்கு உதவும் என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமேது, பணமேது என்ற கேள்விக்கு மட்டும் முழுப் பதில் இல்லை. கழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கழிக்கும்போது, எழுதியவரின் புகழைப் பார்ப்பதைவிட அவர் யார் யாரோடு தொடர்பு வைத்திருந்தார் என்று பார்ப்பது நல்லது.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. லெய்டன் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர். 1811இல் ஜாவாவைப் பிடிக்கப் போன படையோடு, கவர்னர் ஜெனரல் மின்டோவின் பரிவாரத்தில் ஒருவராகப் போனார். பிடிபட்ட பட்டேவியாவில் கீழைநாட்டுச் சுவடிகள் இருக்கும் என்று நம்பி, நெடுநாள் பூட்டிக் கிடந்த நூலகம் ஒன்றுக்குள் நுழைந்தவர் காய்ச்சலில் விழுந்து மூன்றே நாளில், ஆகஸ்ட் 28 அன்று, இறந்தார் என்று ஸ்காட் எழுதினார். (பூட்டிய அறையின் காற்றைவிட அந்த ஊர்க் கொசுவின் மேல் சந்தேகப்படுவதே பொருத்தம்.) வென்ற படையின் நிழலில் சுவடி தேடியவரின் சேகரிப்பை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? கொண்டாட வேண்டியதில்லை. அவை எப்படி, யாரிடமிருந்து, என்ன விலைக்கு வந்தன என்று கேட்க வேண்டும். அதைச் சொல்வதற்கும் அவருடைய கடிதங்கள்தான் இருக்கின்றன. அவர் சேர்த்த மலாய்ச் சுவடிகள் கம்பெனி நூலகத்துக்குப் போய், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அந்த நூலகம் தன் மலாய்ச் சுவடிகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருப்பதால், மலாக்காவில் இருப்பவர் லண்டன் போகாமலே படிக்கலாம். கடிதக் கட்டுகளுக்கும் அதே வசதி வேண்டும் என்று சென்னையிலிருந்தும் கேட்கலாம், அது பிச்சை கேட்பது ஆகாது. படத்தோடு விவரமான பட்டியலும் வேண்டும். கட்டின் மேல் லெய்டன் என்றோ எர்ஸ்கின் என்றோ மட்டும் எழுதியிருந்தால், உள்ளே எல்லிஸ் இருப்பது திருக்குறளுக்கு உரையெழுதிய எல்லிஸைத் தேடிவரும் தமிழ் மாணவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதியவர், பெற்றவர், இடம், தேதி ஆகியவற்றோடு, உள்ளே பேசப்படும் மொழிகளின் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும். தமிழெழுத்து குறுக்கிடும் பக்கங்களைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்து எழுத வேண்டும். அப்படிப்பட்டவர்களை அனுப்ப நம் பல்கலைக்கழகங்களால் முடியும்.