வேகம் வேறு, நேரத்துக்கு முடிப்பது வேறு



புது போன் வாங்குகிறவர்கள் எல்லாம் "எட்டு கோர் சார்" என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் பல கோர் சிப்புகள் இப்போது காருக்குள்ளும் வந்துவிட்டன. தனித்தனியாக இருந்த சிறு கம்ப்யூட்டர்களை ஒரே பெரிய சிப்புக்குள் சேர்க்கிறார்கள். உங்களில் சிலர் அந்த வேலையில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: உயிர் சம்பந்தப்பட்ட இயந்திரத்தில் எல்லாக் கோரையும் முழுக்கப் பிழிந்து வேலை வாங்குவது சாமர்த்தியம் அல்ல. கொஞ்சம் சும்மா இருக்க விடுவதே சாமர்த்தியம்.

போனில் படம் அரை விநாடி தாமதமாக வந்தால் முணுமுணுப்போம், அவ்வளவுதான். ஏர்பேக் அரை விநாடி தாமதமாக விரிந்தால் விரிந்தும் பயனில்லை. இப்படிப்பட்டதைத்தான் ரியல் டைம் வேலை என்கிறார்கள். விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, கெடுவுக்குள்ளும் வர வேண்டும். மணி அடித்து பேப்பரை வாங்கிய பிறகு விடை தெரிந்து என்ன லாபம்?

1973-ல் லியு, லேலண்ட் என்ற இருவர் ஒன்றை நிரூபித்தார்கள். பிராசஸர் ஒன்றே ஒன்று இருந்து, ஒன்றையொன்று சாராத வேலைகள் திரும்பத் திரும்ப வந்தால், "எதற்குக் கெடு முந்தியோ அதை முதலில் செய்" என்ற விதியே போதும். பிராசஸர் தாங்கும் அளவுக்குள் வேலை இருந்தால் கெடு தவறாது. அப்படியானால் பிராசஸர் இரண்டானால் இன்னும் சுலபம் என்றுதானே தோன்றும்? இல்லை என்று 1978-ல் தால், லியு இருவரும் காட்டினார்கள்.

கல்யாண வீட்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். சமையற்காரர்கள் இருவர். அல்வா கிண்ட 60 நிமிடம், 61 நிமிடத்துக்குள் இறக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கிண்ட முடியும். அப்பளம் பொரிக்க 2 நிமிடம், தேங்காய் உடைக்க 2 நிமிடம். இரண்டுக்கும் கெடு 60 நிமிடம். முந்திய கெடு முதலில் என்றால், ஆளுக்கொரு சில்லறை வேலையை எடுப்பார்கள். அல்வா 2 நிமிடம் கழித்துத் தொடங்கி 62-ல் முடியும். கெடு தவறியது! இருவரிடமும் ஒரு மணி நேரத்தில் இருப்பது 120 நிமிடம், வேலையோ 64 நிமிடம்தான். "அல்வா உன் பொறுப்பு, சில்லறை இரண்டும் உன் பொறுப்பு" என்று பிரித்துக் கொடுத்திருந்தால் எல்லாம் நேரத்துக்கு முடிந்திருக்கும். ஆள் குறைவில்லை, பங்கீடுதான் கோளாறு.

இன்னொரு சிக்கல், கோர் எட்டானாலும் மெமரிக்குப் போகும் வழி பெரும்பாலும் பொதுவானது. ஹாஸ்டலில் எட்டு அறைக்கு ஒரே தண்ணீர்க் குழாய் மாதிரி. பக்கத்துக் கோரில் பாட்டும் மேப்பும் ஓடினால், முக்கியமான வேலை குடத்தோடு வரிசையில் நிற்கும். தனியாக ஓட்டிப் பார்த்தபோது எடுத்த நேரத்தை நம்ப முடியாது. அதனால்தான் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2022-ல் பல கோர் சிப்புகளுக்கென்றே தனி வழிகாட்டு நெறி வெளியிட்டது. ஒரு கோரால் இன்னொன்றுக்கு வரும் இடைஞ்சலைக் கண்டறிந்து அடக்கிக் காட்ட வேண்டும் என்கிறது அது.

ஒரே பிராசஸரில்கூட வம்பு வந்ததுண்டு. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் திடீர் திடீரென்று தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. சாதாரணமான வானிலை வேலை ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. அதற்காக மிக முக்கியமான வேலை காத்திருக்க, இடைத்தர வேலைகள் நடுவில் புகுந்துவிட்டன. பூட்டு வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாக உயர்ந்த முன்னுரிமை கொடுக்கும் முறையைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். அந்த முறையை 1990-ல் விளக்கி எழுதிய மூவரில் ஒருவர் ராஜ்குமார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர்.

"பாதி கோர் சும்மா இருந்தால் மேனேஜர் கேட்பாரே, சிப் விலை என்ன தெரியுமா சார்?" என்பீர்கள். நியாயம்தான். பாட்டுக்கும் மேப்புக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் நிரப்புங்கள். ஆனால் பிரேக்குக்குத் தனிக் கோர், அதிலும் கொஞ்சம் இடைவெளி என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பள்ளிக்கூட டைம்டேபிளில் ஆசிரியருக்கு ஓய்வுப் பீரியட் வைப்போம். பார்க்கிறவர்களுக்கு வீணாகத் தெரியும். இரண்டு பேர் லீவு போட்ட அன்றைக்கு வகுப்புகளைக் காப்பாற்றுவது அந்தப் பீரியட்தான்.

எனவே கூட்டத்தில் யாராவது "சராசரி வேகம் இவ்வளவு" என்று காட்டினால், எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: "எல்லா வேலையும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தால் இது எத்தனை மில்லி விநாடியில் முடியும்?" பதில் எழுத்தில் வரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் அவசியம் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.