தாத்தாவின் பத்திரத்தில் டாக்டர் கையெழுத்து: ஏன் தள்ளிப்போடக் கூடாது?

தாத்தாவுக்குத் திடீர்னு பக்கவாதம். பேச்சு இல்லை, ஆட்களை அடையாளம் தெரியவில்லை. மருத்துவமனையிலிருந்து நேரா தாதிமை இல்லம். முதல் மாதக் கட்டணம் வந்துவிட்டது. பணம் இருக்கு, ஆனா அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில். "நான் அவருடைய மகன்"னு உங்க அப்பா போய்ச் சொன்னால் வங்கி கொடுத்துவிடுமா?

கொடுக்காது. சிங்கப்பூரில் மனைவி, பிள்ளை என்ற உறவு மட்டும் அந்த அதிகாரத்தைத் தருவதில்லை. அதற்குத்தான் எல்பிஏ எனும் நீடித்த அதிகாரப் பத்திரம். மனத்திறன் இழந்தால் தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்பதைத் தாத்தா முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. 2008ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின்கீழ் வருகிறது.

சிக்கல் எங்கே வருதுன்னா, அவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. அங்கீகாரம் பெற்ற மருத்துவர், மனநல மருத்துவர், வழக்கறிஞர் ஆகிய மூவரில் ஒருவர் சான்றளிக்க வேண்டும். பக்கத்து புளோக் மருந்தகத்துக்குப் போனா முடிஞ்சிடும்னு நினைக்காதீங்க. எல்லா டாக்டருக்கும் அந்த அங்கீகாரம் கிடையாது. பட்டியல் பொதுக் காப்பாளர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. சான்றளிப்பவர் வாங்கும் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். முதல்லயே போன் பண்ணிக் கேளுங்க.

டாக்டர் வெறுமனே கையெழுத்துப் போடுவதில்லை. பத்திரம் எதற்கு என்பது தாத்தாவுக்குப் புரிகிறதா, யாராவது ஏமாற்றியோ வற்புறுத்தியோ அவரைக் கூட்டி வந்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. அதனால், அதிகாரம் பெறப்போகும் பிள்ளையை வெளியே இருக்கச் சொல்லலாம். கோபப்பட வேண்டாம், அது தாத்தாவின் பாதுகாப்புக்குத்தான். அவருக்குத் தமிழ்தான் வரும் என்றால் தமிழ் பேசும் டாக்டரைத் தேடுவது நல்லது. மகன் மொழிபெயர்க்க, தாத்தா தலையாட்ட, டாக்டர் எழுத என்றால் சான்றுக்கு என்ன மதிப்பு?

முதுமை மறதி என்று சொல்லிவிட்டாலே வாய்ப்பு போச்சுன்னு பல குடும்பங்கள் நினைக்கின்றன. அப்படி இல்லை. திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை திறன் இருப்பதாகவே சட்டம் கருதுகிறது. நோயின் ஆரம்பத்தில், தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், அவருக்குப் புரிந்தால் டாக்டர் சான்றளிக்கலாம். ஆனா அந்தக் கதவு மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வரும். பக்கவாதம் என்றால் ஒரே இரவில் மூடிவிடும்.

மூடிய பிறகு? குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய், அவர் சார்பில் செயல்பட ஒருவரை நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் டாக்டர் அறிக்கை வேண்டும். இந்த முறை, அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லும் அறிக்கை. நேரமும் செலவும் கூடும். தாதிமை இல்லக் கட்டணம் அதுவரை காத்திருக்காது.

மருத்துவர் தேவைப்படும் வேறு தாள்களும் உண்டு. கேர்ஷீல்டு லைஃப் தொகை கோர, குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற 6 அன்றாடச் செயல்களில் குறைந்தது மூன்றைத் தானாகச் செய்ய முடியாது என்பதைச் சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் உறுதிசெய்ய வேண்டும். உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முன்கூட்டிய மருத்துவ உத்தரவுக்கு 2 சாட்சிகள், ஒருவர் டாக்டர்.

எல்பிஏ இப்போது இணையவழிதான். தாத்தாவின் சிங்பாஸ் வேலை செய்யுதான்னு முதலில் பாருங்க. மறந்துபோன கடவுச்சொல்லே பல நாளைத் தின்றுவிடும். சமர்ப்பித்த பிறகும், யாராவது ஆட்சேபம் தெரிவிக்க 3 வாரக் காத்திருப்பு உண்டு. அப்புறம்தான் பதிவு.

இன்னொன்று: எல்பிஏ செய்ய வயது 21 ஆனால் போதும். மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிறவரா நீங்கள்? தாத்தாவைக் கூட்டிப்போகும் அன்றே உங்களுடையதையும் முடித்துவிடலாம்.