மூடி முத்திரை போட்ட கணினி நமக்கு வேண்டாம்



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஒரு வழக்கு ஓடுகிறது. கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மேசைக் கணினி எது வாங்கலாம் என்று ஒருவர் கேட்டார். பெங்களூரிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிற நம் பிள்ளைகள் ஒரே குரலில் "மேக் மினி வாங்கிக் கொடுங்க, உள்ளங்கை அளவு பெட்டி, சத்தமே வராது" என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். "சார் இன்னும் 2005-லேயே இருக்கார்" என்று ஒரு தம்பி சிரிப்புப் பொம்மை போட்டான். (அவனுக்கு கிர்க்காஃப் விதி சொல்லிக்கொடுத்தவன் நான். அதில் அவன் எடுத்த மதிப்பெண்ணை இங்கே எழுத மாட்டேன்.) குழுவில் நீளமாக எழுதினால் "சார், வாய்ஸ் மெசேஜ் போடுங்க" என்கிறார்கள். ஆகையால் இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் பெட்டி வேகமா இல்லையா என்பது என் வழக்கே இல்லை. வேகம்தான். ஆனால் அதை வாங்குகிற அன்றைக்கே, அதன் ஆயுள் முடியும்வரை எவ்வளவு ராம் வேண்டும், எவ்வளவு சேமிப்பு இடம் வேண்டும் என்று நீங்கள் ஜோசியம் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அத்தனைக்கும் முழுப் பணத்தை, அவர்கள் சொன்ன விலையில், அன்றே எண்ணி வைக்க வேண்டும். பிறகு மனசு மாறினால் வழியில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி போட்டிருப்பவருக்கும், மஞ்சக்குப்பத்தில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கும் இது கட்டுப்படியாகிற வியாபாரமா?

நம் வீடுகளில் கணினி எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். யாரும் ஒரே நாளில் முழுசாக வாங்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கேபினட், மதர்போர்டு, குறைந்த ராம் போட்டு அசெம்பிள் செய்து ஆட்டோவில் ஏற்றி வருவோம். மானிட்டர் யார் வீட்டிலோ கழித்துக்கட்டியது. அடுத்த வருஷம் சீட்டுப் பணம் எடுத்தால் இன்னொரு ராம். பையன் பொறியியல் சேர்ந்தால் கிராபிக்ஸ் கார்டு. எஸ்.எம்.பி.எஸ். புகைந்தால் அது மட்டும் புதுசு. 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினியையும் இப்படித்தான் பலர் வருஷக்கணக்கில் ஓட்டினீர்கள். பின்மூடியைக் கழற்றி ராம் சேர்த்து, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, அக்கா படித்து முடித்ததும் தம்பிக்கு. கையில் காசு வரும்போது வளர்கிற பொருளாக அது இருந்ததால்தான் நம்மால் வாங்க முடிந்தது.

எதிர்க்கட்சி சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் இன்டெல்லை விட்டுவிட்டுத் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டுவந்தது. அதில் நினைவகம் மதர்போர்டில் தனி ஸ்லாட்டில் இல்லை. செயலியோடு ஒரே பொட்டலமாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவே தூரம் குறைந்தால் தரவு போக்குவரத்துக்கு மின்சாரம் குறைவாகச் செலவாகும், ஒரே நேரத்தில் அதிக வழிகளில் அனுப்பலாம். படம் வரையும் பகுதியும் கணக்குப் போடும் பகுதியும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இது நிஜமான பொறியியல். சூடு குறைவு, கரண்டும் குறைவு. தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த கடலூர்க்காரனுக்கு, இன்வெர்ட்டரில் நெடுநேரம் ஓடும் கணினியின் அருமை தெரியாதா?

ஆனால் "சொந்த சிப் வந்ததால் மூட வேண்டியதாயிற்று" என்று சொல்கிறீர்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2012-ஆம் வருஷத்து மேக் மினியில் அடிமூடியைக் கையால் திருகினால் திறக்கும், ராம் ஸ்லாட் இரண்டும் கண்ணெதிரே இருக்கும். 2014-ல் வந்த மினியில் ராமை போர்டோடு சாலிடர் வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். அப்போது உள்ளே இருந்தது இன்டெல் சிப்தான்! சொந்த சிப் வர இன்னும் 6 வருஷம் இருந்தது. 2018 மினியில் ராம் மறுபடியும் ஸ்லாட்டுக்கு வந்தது, கொஞ்சம் கஷ்டப்பட்டால் மாற்றலாம். அதே இன்டெல் காலத்தில் 27 அங்குல ஐமேக்கின் முதுகில் ராம் மாற்றவே ஒரு சின்னக் கதவு வைத்திருந்தார்கள். ஆக, மூடுவதும் திறப்பதும் அவர்கள் விருப்பப்படி நடந்திருக்கிறது. புது சிப் வந்தது, மூடுவதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது.

பெரிய இயந்திரத்தைப் பாருங்கள். 2019-ல் வந்த மேக் புரோவில் 12 ராம் ஸ்லாட்டுகள், 1.5 டிபி வரை போடலாம். 2023-ல் சொந்த சிப்போடு வந்த மேக் புரோவில் உச்சவரம்பு 192 ஜிபி. எட்டில் ஒரு பங்கு! அதையும் வாங்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். உள்ளே நீள நீளமான ஸ்லாட்டுகள் இருக்கின்றன, ஆனால் வெளியிலிருந்து கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் செருக முடியாது. கோயில் அளவுக்கு வாசல், உள்ளே போக அனுமதி இல்லை.

இப்போது விலைக்கு வருவோம். 2024-ல் வந்த எம்4 மினியின் ஆரம்ப விலை இந்தியாவில் 59,900 ரூபாய், சேமிப்பு 256 ஜிபி. அதுவே 512 ஜிபி வேண்டுமென்றால் 79,900. கூடுதலாகக் கிடைக்கும் 256 ஜிபிக்கு 20,000 ரூபாய்! அதே சமயத்தில் வெளிக் கடையில் 1 டிபி எம்.2 வட்டு இந்த 20,000-இல் பாதி கூட இல்லை. நாலு மடங்கு இடம், பாதிக்கும் குறைந்த விலை. எந்தத் தொழில்நுட்பத்தால் இந்த வித்தியாசம் வருகிறது? வேறு கடைக்குப் போக முடியாது என்று தெரிந்தவன் சொல்கிற விலை இது. சினிமா கொட்டகைக்குள் பாப்கார்ன் விற்கிறவனுக்கும் இந்த ரகசியம் தெரியும்.

2023 இறுதியில் அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர், எங்கள் 8 ஜிபி மற்றவர்களின் 16 ஜிபிக்கு நிகர் என்கிற பொருளில் பேட்டி கொடுத்தார். 2024 அக்டோபரில் அவர்களே அடிப்படை நினைவகத்தை 16 ஜிபி ஆக்கினார்கள். நல்லதுதான். அந்தப் பேட்டியை நம்பி நடுவில் 8 ஜிபி வாங்கியவர் என்ன செய்வது? சாதாரணப் பெட்டியாக இருந்தால் கடைக்குப் போய் ஒரு ராம் செருகி வந்திருப்பார். இவர் அதை விற்றுவிட்டுப் புதுசு வாங்க வேண்டும்.

"100 பேரில் 90 பேர் கணினியைத் திறப்பதே இல்லை சார்" என்கிறான் என் மருமகன். இந்த வாதம்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. என் வீட்டுக் கிரைண்டரை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. பெல்ட் அறுந்தால் தெருமுனைக் கடைக்காரர் திறக்கிறார். நான் திறக்கிறேனா என்பதா கேள்வி? எனக்காக இந்த ஊரில் ஒருவர் திறக்க முடியுமா என்பதல்லவா? சிதம்பரம் வீதிகளில், நெய்வேலியில், புவனகிரியில் ஒரு மேசை, ஒரு சாலிடரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டரோடு கடை வைத்திருக்கும் உங்கள் வகுப்புத் தோழர்களை எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவன்கூட அந்த மேசையில் உட்கார்ந்து பிழைத்தான். பழைய பெட்டியைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டான். பிரிக்க விடாத பெட்டியில் எவன் எதைக் கற்பான்? நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் நாள் முழுக்க ஐபோனைப் பூட்டி அனுப்புகிறார்கள். பூட்டும் வேலை நமக்கு, திறக்கும் உரிமை மட்டும் நமக்கில்லை.

2015 வெள்ளத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் அப்போது வேலை பார்த்த பள்ளியின் ஆய்வகத்தில் தரையில் இருந்த ஒன்பது கணினிகள் சேற்றுத் தண்ணீரில் நின்றன. கடை வைத்திருந்த பழைய மாணவர் இருவர் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, போர்டுகளைக் கழுவி, நாள்கணக்கில் உலர்த்தி, ஒன்றிலிருந்து ராம், ஒன்றிலிருந்து எஸ்.எம்.பி.எஸ். என்று சேர்த்து ஐந்தை எழுப்பினார்கள். எழாதவற்றின் ஹார்ட் டிஸ்க்குகளை வேறு கணினியில் மாட்டினோம். மாணவர் பதிவேடு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் கிடைத்தன.

இதையே இந்தப் புதுப் பெட்டியில் செய்ய முடியுமா? சேமிப்பைக் கட்டுப்படுத்தும் பகுதியே பிரதான சிப்புக்குள் இருக்கிறது. தரவைப் பூட்டும் சாவியும் அதே சிப்புக்குள். போர்டு செத்தால் சேமிப்புச் சில்லைப் பெயர்த்து எடுத்து வேறு கணினியில் வைத்துப் படிக்க முடியாது. திருடனிடமிருந்து இது நல்ல காவல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருடனுக்கும் வெள்ளத்தில் எல்லாம் இழந்தவனுக்கும் வித்தியாசம் பார்க்காத காவல். எம்4 மினியில் சேமிப்புப் பலகையைக் கழற்றலாம் என்று குழுவில் ஒருவர் எழுதினார். கழற்றலாம். ஆனால் அது கடையில் கிடைக்கும் பொது எம்.2 இல்லை, அவர்களுக்கே உரிய வடிவம். மாற்றினால் இன்னொரு மேக்கைக் கொண்டுவந்து இணைத்துத்தான் உயிர் கொடுக்க வேண்டும். தெருவில் எத்தனை வீட்டில் இன்னொரு மேக் இருக்கிறது?

தேவனாம்பட்டினத்துப் பெரியவர்கள் கட்டுமரத்தைக் கரை சேர்த்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஒரு கட்டை உளுத்தால் அதை மட்டும் மாற்றுவார்கள். ஃபைபர் படகு அதைவிட வேகம், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஃபைபர் உடைந்தாலும் ஒட்டுப் போட அந்தக் கரையிலேயே ஆள் இருக்கிறார், பொருளும் கடையில் கிடைக்கிறது. வேகத்துக்காகப் பழுதுபார்ப்பதை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆப்பிளை மட்டும் திட்டுவது நியாயமாகாது. பழுதுபார்க்கும் உரிமையையே கொடியாகப் பிடித்த ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2025-ல் அறிவித்த மேசைக் கணினியில் ராமைப் பற்றவைத்துத்தான் விற்றது. அந்த ஏ.எம்.டி. சிப்புக்கு வேண்டிய வேகம் ஸ்லாட்டில் கிடைக்கவில்லை என்றது. இன்டெல்லும் 2024-ல் ஒரு சிப்பில் நினைவகத்தை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, இனி இப்படிச் செய்யப்போவதில்லை என்றது. இன்னொரு பக்கம், குறைந்த மின்சாரத்தில் ஓடும் அதே வகை நினைவகத்தைத் திருகு போட்டு மாற்றும்படியான எல்பிகேம்2 என்கிற பலகை வந்து, 2024-லேயே ஒரு லெனோவோ மடிக்கணினியில் விற்பனைக்கு வந்துவிட்டது. மனசு வைத்தால் வழி பிறக்கிறது. வாங்குகிற நாம் கேட்காவிட்டால் எவனும் மனசு வைக்கப்போவதில்லை.

செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் ராம் வியாபாரத்தையே விடப்போவதாக அறிவித்தது. "இப்போ என்ன சொல்றீங்க சார்?" என்று கேட்பீர்கள். விலை ஏறிய காலத்தில்தான் ஸ்லாட்டின் அருமை தெரியும் என்கிறேன். இன்றைக்குக் கொஞ்சமாக வாங்கி ஓட்டு, விலை இறங்கியதும் சேர். பழைய பெட்டியின் ராம் ரகம் ஒத்துப்போனால் புதுசில் மாட்டு. மூடிய பெட்டிக்காரனுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

சட்டம் என்ன செய்கிறது? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்து, டிசம்பர் 24 அன்று இணையதளமும் திறந்தது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் வேளாண் கருவி, கைபேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள், வாகனம். பிறகு, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று பொருளுக்கே மதிப்பெண் போடும் திட்டத்துக்கு இன்னொரு குழு போட்டார்கள். 2025 மே மாதம் அது அறிக்கை கொடுத்தது, அதிலும் தொடக்கம் கைபேசியும் டேப்லெட்டும்தான். மேசைக் கணினியைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. திறக்க முடியாத மேசைக் கணினி வரும் என்று யாரும் நினைக்கவில்லை போலும்!

ஆகவே குழுவில் கேட்டவருக்கு என் பதில்: ராம் ஸ்லாட் இரண்டு இருக்கிற, அதில் ஒன்று காலியாக இருக்கிற, பொது எம்.2 வட்டு போடுகிற சிறிய பெட்டி வாங்குங்கள். பல நிறுவனங்களில் கிடைக்கிறது. மேக்கில் மட்டுமே ஓடும் மென்பொருளைப் பிழைப்புக்கே பயன்படுத்துகிறவர் மேக் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலாண்டு மாணவிக்கு அது வேண்டாம்.

உங்களில் சிலர் இன்று பள்ளி, கல்லூரி, கூட்டுறவு வங்கி, ஊராட்சி அலுவலகங்களில் கொள்முதல் கோப்பில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறீர்கள். அடுத்த டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: நினைவகமும் சேமிப்பும் சந்தையில் பொதுவாகக் கிடைக்கும் வகையாக, கழற்றி மாற்றத் தக்கதாக இருக்க வேண்டும், அப்படி மாற்றுவதால் உத்தரவாதம் ரத்தாகக் கூடாது. அந்த வரியைச் சரியான அலுவலகத் தமிழில் எழுத வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள், எழுதித் தருகிறேன்.